நெருப்பின் மேல் பாலம்

சதுரங்கப்பட்டினம்
1790, ஆடி 4

சேசு மரி சூசை.

என் அன்பான அம்மாவுக்கு, இராயப்பன் வணங்கி எழுதுவது. ரோசியும் குழந்தையும் சுகம். பழவேற்காட்டில் முகத்துவாரம் மணல் மூடி ஏரி அடைபட்டுக் கிடக்கிறதாமே. தண்ணீர் நாறுகிறதா? உங்கள் இருமல் எப்படி?

ஆவணியில் கடலுக்கு அப்பால் பத்தாவி ஊருக்குப் போகும் கப்பலில், ஏற்றிப்போகிற நம் ஜனங்களுக்கு மொழி சொல்ல, நம் குடும்பத்தில் ஒருவர் ஏறவேண்டும் என்று பழவேற்காட்டுக் கோட்டைத் துரை கட்டளையிட்டிருக்கிறார். இல்லாவிட்டால் நைனா காலத்து வீடும் போய்விடும், என் துபாசி வேலையும் போய்விடும். அங்கே போனவர்கள் யாரும் திரும்பி வந்ததை நாம் பார்த்ததில்லை. எனக்குக் கைக்குழந்தை. தம்பி அருளப்பனுக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. அவன் உங்களோடு இருப்பதால், அவனை அனுப்ப உங்கள் சம்மதம் எழுத்தில் வேண்டுமாம். எழுதிக் கொடுங்கள் அம்மா.

எசிப்து தேசத்து செசோஸ்திரிஸ் ராஜா கதை சொல்வீர்களே, கங்கை வரைக்கும் ஜெயித்தவர், தோற்ற ராஜாக்களைத் தேரில் பூட்டினவர். ஊர் திரும்பின பிறகு அவருக்கு என்ன ஆயிற்று? மகன் வளர்ந்தால் சொல்ல ஆசை.

உங்கள் மகன்,
இராயப்பன்


பழவேற்காடு
ஆடி 11

சிரஞ்சீவி இராயப்பனுக்கு, அம்மாவின் ஆசீர்வாதம்.

தண்ணீர் நாறத்தான் செய்கிறது. கடலுக்கு வழி தெரியாத மீன் கரையோரம் செத்து மிதக்கிறது. இருமலை விசாரித்தாயே, சந்தோஷம். தம்பியைக் கப்பலுக்குக் கேட்பதற்கு முன்னால் விசாரித்தாய் என்பதையும் கவனித்தேன்.

சின்ன வயசில் உப்பு வண்டியில் நீ ராஜாவாக உட்கார்ந்து அருளப்பனை இழுக்கவிடுவாய். ஒருநாளாவது மாறி இழுத்தாயா? தேரில் பூட்டப்பட்ட ராஜா ஒருவன் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு போனான். ஏன் என்றதற்கு, மேலே இருப்பது கீழே வருகிறது, கீழே இருப்பது மேலே போகிறது என்றான். செசோஸ்திரிஸ் அன்றே அவர்களை அவிழ்த்துவிட்டார். இந்த இடம் வருவதற்குள் நீ தூங்கிவிடுவாய்.

மிச்சத்தை உங்களுக்கு நான் சொன்னதில்லை. நான் சிறுமியாய்ப் படித்த புதுச்சேரி மடத்தில் கன்னியர் பிராஞ்சு பாஷைப் புத்தகத்திலிருந்து படித்துக் காட்டினார்கள். ஜெயித்துத் திரும்பின ராஜாவைத் தம்பி விருந்துக்கு அழைத்தான். ராஜா, ராணி, ஆறு பிள்ளைகள் உள்ளே இருக்கும்போது வீட்டைச் சுற்றி விறகடுக்கித் தீ வைத்தான். ராணி யோசனை சொன்னாள். இரண்டு பிள்ளைகளை நெருப்பின்மேல் பாலமாகக் கிடத்தி, மற்றவர்கள் மிதித்து வெளியே வந்தார்கள். அப்புறம் ராஜா வாய்க்கால் வெட்டினார், கோயில் கட்டினார். வென்ற தேசமெல்லாம் அவர் நட்ட கல்லில் அவர் பேர் இருந்ததாம். கடைசியில் கண் அவிந்து, தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டார்.

ராணி புத்திசாலி என்றார்கள் கன்னியர். எரிந்த பிள்ளைகளின் பேர் என்ன என்று கேட்டேன். புத்தகத்தில் இல்லையாம். கேட்டதற்கு முழங்காலில் நிற்க வைத்தார்கள்.

சம்மதம் எழுத மாட்டேன். உன்னைப் போ என்றும் சொல்ல மாட்டேன். இரண்டு பக்கமும் மூடித்தான் இருக்கிறது.

அம்மா


சதுரங்கப்பட்டினம்
ஆடி 19

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்த ரோசி என்னோடு பேசுவதில்லை. துரையின் கெடு இந்த மாதக் கடைசி. அருளப்பன் எனக்கு எழுதியிருக்கிறான்: "ஏரியில் எந்த வீட்டுக்கு எந்த இடத்தில் வலை என்று பாடு குலுக்குகிறார்களே, அப்படி நாமும் சீட்டுப் போடுவோம், அண்ணா." படகுக்கார எல்லப்பன் எடுக்கட்டும். விழுந்த பாட்டை மீனவர் யாரும் மாற்றிக் கேட்பதில்லை. யார் பேர் வந்தாலும் ஒப்புக்கொள்வேன், சிலுவைமேல் சத்தியம்.

இராயப்பன்


பழவேற்காடு
ஆடி 27

சிரஞ்சீவி இராயப்பனுக்கு,

சீட்டு எடுத்தாயிற்று. அதற்கு முன்னால் எல்லப்பனைக் கேட்டேன், புருஷன் செத்தவளுக்குப் பாடு உண்டா என்று.

"இன்னாம்மா இப்படிக் கேக்குறீங்க? வலை கீற வூட்டுக்கெல்லாம் உண்டு. எங்க முனியம்மாவுக்குத்தான் போன மாசம் நல்ல இடம் வுழுந்துச்சு. அவ கொழுந்தனுங்க வயிறு எரிஞ்சினு கீறானுங்கோ."

ஆகவே மூன்று சீட்டு. ஓலை நறுக்கி நானே எழுதிச் சுருட்டினேன். என் பேர் வந்தது. செல்லாது என்று அருளப்பன் கத்தினான். எல்லப்பன் விடவில்லை. "வுழுந்த பாட்டை மாத்துவியா தம்பி? ஏரி சும்மா வுடுமா?" அருளப்பன் சுவரோரம் உட்கார்ந்து அழுதான்.

கோட்டைக்குப் போனேன். துரை சிரித்தார். ஆண்பிள்ளைதான் வரவேண்டும் என்று கட்டளையில் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அதே கப்பலில் போகிற ஒரு துரைசானி என்னைப் பிராஞ்சிலும் பறங்கி மொழியிலும் பேசவைத்துப் பார்த்தாள். அவள் பிராஞ்சில் இரண்டு பிழை திருத்தினேன். என்னையே கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டாள், துரையும் ஒப்புக்கொண்டார்.

முகத்துவாரம் இன்னும் திறக்கவில்லை. மணல்மேட்டை நடந்து தாண்டினால், அந்தப் பக்கம் என்னைக் கப்பலுக்குக் கொண்டுபோக எல்லப்பன் கட்டுமரத்தோடு நிற்பான்.

உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன், அருளப்பனுக்குத் தெரியவேண்டாம். மிச்ச இரண்டு சீட்டையும் யாரும் பிரிக்குமுன் அடுப்பில் போட்டேன். மூன்றிலும் என் பேர்தான் எழுதியிருந்தேன்.

தானே பாலமாகக் கிடக்க அந்த ராணிக்கு ஏன் தோன்றவில்லை என்று அன்று முழங்காலில் நின்றபோதே யோசித்தேன்.

உன் மகனுக்குக் கதையை முழுசாகச் சொல். வண்டி விளையாடினால் அவனையும் இழுக்கச் சொல்.

அம்மா,
இன்னாசியம்மாள்