ஷைனி கட்டின வண்டி

நவம்பர் 8, சனி

வண்டி இன்றும் நின்றது. அம்பூரி ஏற்றத்தில், பாதி வழியில், பின்னால் நாற்பது கிலோ ரப்பர் ஷீட்டோடு. காலையில் வெயில், பதினொரு மணிக்கு மேல் சாரல்.

ஒன்றரை வரை ஒரு பலாமரத்தடியில். ஜெர்மனியில் அப்போதுதான் காலை ஒன்பது, மகள் ஷைனிக்கு ஒர்க்‌ஷாப்பில் காப்பி இடைவேளை. அதற்கு முன்னால் கூப்பிட்டால் எடுக்க மாட்டாள். எடுத்தாள். "என்ன சத்தம் கேக்குது?" எடுத்ததும் இதுதான். சத்தமே இல்லை என்றேன். சீட்டைக் கழற்றி கேமராவைக் கீழே காட்டச் சொன்னாள். மஞ்சள் ஒயரைத் திருகணும், பச்சையைத் தொடக்கூடாது. மூன்றாவது உதையில் ஸ்டார்ட். "செரி, வைக்கேன்." ஏழு நிமிடம்.

சாப்பிட்டாயா என்று கேட்க வாய் திறந்தேன். வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை தோட்டக்காரர்கள் கூலி கொடுக்கிற நாள். பணம் வேண்டும், அதனால் முதலில் வருகிற வியாபாரிக்குத்தான் ஷீட். நான் போய்ச் சேர்ந்தபோது நாலு வீட்டில் ஷீட் உலர்த்துகிற புகைப்புரை காலி. வெள்ளறடை வியாபாரி ஜீப்பில் வந்து அள்ளியிருக்கிறான். எல்லாம் இருபது வருட வாடிக்கை வீடுகள்.

சளி. குடையை எங்கேயோ விட்டுவிட்டேன்.

நவம்பர் 9, ஞாயிறு

கோயில். மழை இல்லை. கோழி.

ஞாயிறுதோறும் ஷைனி அம்மாவிடம் பேசுவாள். புஷ்பம் போனோடு அடுக்களைக்குப் போய் கதவைச் சாத்தினாள். நான் பேப்பரைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். சிரிப்புச் சத்தம் கேட்டது. அப்பா இருக்கிறாரா என்று ஒரு கேள்வி வந்ததா என்று கேட்டேன். "மழை உண்டான்னு கேட்டா," என்றாள் புஷ்பம். அவளுக்குப் பொய் சொல்ல வராது.

இந்த நோட்டை வேறு யாரும் படிக்கப் போவதில்லை, எழுதி வைக்கிறேன்.

பாலிடெக்னிக் கடைசி வருடம் ஷைனி கட்டின வண்டி அது. நான் தொழில் தொடங்கின பழைய பைக்கின் சட்டம், மார்த்தாண்டம் ஆக்கர் கடையில் பழைய இரும்போடு கிடந்த பெரிய என்ஜின், ஏற்றத்துக்காகப் பின்னால் பெரிய பல்சக்கரம், ஷீட் அடுக்க இரும்புக் கேரியர். ஒயரிங் முழுக்க அவள் கை. ஒரு தாளிலும் வரைந்து வைக்கவில்லை. ஷீட் எடுக்கப் போன வீடெல்லாம் என் மகள் கட்டினது என்று சொன்னேன். அப்போதும் நிற்கத்தான் செய்யும். அவள் பக்கத்தில் இருந்ததால் நின்றது தெரியவில்லை.

இரண்டு வருடம் முன்னால் நெய்யாற்றின்கரையிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். வண்டியை அதிகாலையில் அடுத்த வீட்டுப் புகைப்புரையில் தள்ளி, தார்ப்பாய் போட்டு மூடினேன். வந்தவர்களிடம் பெண் கம்ப்யூட்டர் படித்தது என்றேன். ரிப்பேர் வேலை உண்டு என்று கேள்விப்பட்டோமே என்றதற்கு, "அது சும்மா ஒரு விளையாட்டு ஆக்கும்" என்றேன். பூஞ்சை பிடித்த ஷீட்டைக் கட்டின் நடுவில் வைத்துக் கட்டுகிற கச்சவடக்காரன் புத்தி. நல்ல விலைக்குப் போகட்டும் என்றுதான்.

கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறாள்.

மறுநாள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கழுவினாள். சாவியை மேசையில் வைத்தாள். "வேணுமெங்கி ஓட்டுங்க. வேண்டாமெங்கி ஆக்கருக்குப் போடுங்க." அந்த மாப்பிள்ளை வேண்டாம் என்றாள். திருவனந்தபுரத்தில் ஜெர்மன் படிக்கச் சேர்ந்தாள். போய்விட்டாள்.

நவம்பர் 10, திங்கள்

காரக்கோணம் மெக்கானிக் மணியனிடம் கொண்டு போனேன். சுற்றி வந்து பார்த்தான், கை வைக்கவில்லை. "முதலாளி, இது கெட்டின கைக்குத்தான் தெரியும். நான் தொட்டா, நாளைக்கு லைட்டப் போட்டா ஹாரன் அடிக்கும்."

திரும்பும்போது குன்னத்துகாலில் வண்டிப் பரிசோதனை. மாற்றிக் கட்டின வண்டி, பிடித்தால் விட மாட்டார்கள். கேரள எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் இறங்கி, பனச்சமூடு வழி சுற்றி ஏறி வீடு. ஒரு மணிக்கூர் நஷ்டம்.

கணக்காகப் பார்த்தால்:
கம்பெனி வண்டி – தொட்டால் ஸ்டார்ட், எவனும் ரிப்பேர் பார்ப்பான், நேர்ரோட்டில் போகலாம்.
இது – ஏற்றம் ஏறும். அவள் போனை எடுப்பாள்.

புஷ்பம் சொன்னது: ஐம்பத்தெட்டு வயதில் மழையில் உதைத்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

நவம்பர் 13, வியாழன்

கம்பெனி வண்டி வந்தது. கறுப்பு. கோயில் முற்றத்தில் பங்கு அச்சன் செபம் சொல்லித் தண்ணீர் தெளித்தார். அதைப் பற்றி வேறு எழுத ஒன்றும் இல்லை.

பழையது ஷெட்டில். தார்ப்பாய் எடுத்தேன், போடவில்லை. திறந்தே நிற்கட்டும்.

நவம்பர் 15, சனி

பதினொன்றுக்குள் எல்லா வீடும் முடிந்தது. வெள்ளறடைக்காரன் ஜீப் எதிரே வந்தது, கை காட்டினான். நானும்.

மத்தியானம் வேலை இல்லை. ஒன்றரைக்கு போனைப் பார்த்தேன். கூப்பிட்டேன்.

புது வண்டியில் ஒரு சத்தம் உண்டு மக்ளே என்றேன். எங்கே என்றாள். முன்னால் என்றேன். "ஃப்ரீ சர்வீஸ் உண்டுல்லா. அங்க கொண்டு போங்க."

நாற்பது விநாடி.

ஷுகர் மாத்திரை வாங்கணும்.

நவம்பர் 18, செவ்வாய்

செய்ததை உள்ளபடி எழுதுகிறேன். பழைய வண்டியின் சீட்டைக் கழற்றி மஞ்சள் ஒயரை என் கையால் உருவினேன். ஒன்றரைக்குக் கூப்பிட்டேன். ஸ்டார்ட் ஆகவில்லை என்றேன். பழையதையும் ஓட்டுகிறீர்களா என்று கேட்டாள். அவசரத்துக்கு என்றேன். குரலில் ஒரு சின்ன இளக்கம் இருந்தது, அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. கேமராவைக் கீழே காட்டினேன்.

பின்னால் யாரோ ஜெர்மனில் கூப்பிட்டார்கள்.

"அப்பா, அது தானா கழண்டது இல்ல. உருவினது."

நான் கேமராவை வேறு பக்கம் திருப்பினேன்.

"எனக்க வேலைய அன்னைக்கு மூடி வச்சீங்க. இப்பம் அதக் காட்டிக் காட்டி என்னைக் கூப்பிடுறீங்க."

அழவில்லை அவள். ஷீட்டின் தரம் பார்த்துச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"வித்திருங்க அப்பா. வைக்கேன்."

நவம்பர் 19, புதன்

மழை. ஷீட் கடை திறக்கவில்லை. ரப்பர் பால்வெட்டும் இல்லை, ஷீட்டும் இல்லை என்று சாக்கு.

புஷ்பத்திடம் சொன்னேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே, "தப்புன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன? நாக்கு தேஞ்சா போவும்?" என்றாள்.

வாய்ஸ் மெசேஜ். நாலு தடவை பேசி நாலு தடவை அழித்தேன். முதலாவதில் ரப்பர் விலை சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒன்று: "மக்ளே, வண்டிய மறைச்சது தப்பு. உன்னையும் சேத்துத்தான் மறைச்சேன். தப்பு." போட்டுவிட்டேன்.

நவம்பர் 20, வியாழன்

கேட்டிருக்கிறாள். போனில் நீல டிக் விழுந்துவிட்டது. பதில் இல்லை.

நவம்பர் 21, வெள்ளி

பதில் இல்லை. இரண்டு கட்டு ஷீட்டுக்குத் தரம் மாற்றி எழுதிவிட்டேன். இருபது வருடத்தில் முதல் தடவை.

நவம்பர் 22, சனி

வெயில். அம்பூரியில் ஷீட் எடுக்கிற இடத்தில் தோட்டக்காரர் தோமாச்சன் கேட்டார், பழைய வண்டி சும்மாதானே நிற்கிறது, தோட்டத்துக்குள் ரப்பர்ப்பால் கேன் ஏற்றக் கொடுக்கலாமா என்று. ரோட்டில் இறக்காவிட்டால் பரிசோதனைத் தொல்லையும் இல்லை. அவருக்கு அந்த ஏற்றம் ஏறுகிற வண்டிதான் வேண்டும்.

சாயங்காலம் வந்து பார்த்தார். ஒயர் திரும்ப மாட்டியாகிவிட்டது. குறை எல்லாம் சொன்னேன்: மழையில் நிற்கும், மெக்கானிக்குகள் தொட மாட்டார்கள், படம் கிடையாது. விற்கிறவன் இப்படிப் பேசுவானா என்று சிரித்தார். யார் கட்டினது என்று மலையாளத்தில் கேட்டார்.

"எனக்க மகள். ஷைனி. ஜெர்மனியில வண்டி வேலைதான் பாக்குது."

பெண்பிள்ளையா என்று கேரியரைத் தட்டிப் பார்த்தார். வெல்டிங் கொள்ளாம், நன்றாக இருக்கிறது என்றார். நான் ஷெட்டுக்கு வெளியே போய் நின்றேன்.

அவள் நம்பர் கேட்டார். தரவில்லை.

பேசி முடித்தது: பதினாறாயிரம். வண்டி தோட்டம் விட்டு வெளியே இறங்கக்கூடாது. ஒயரில் வேறு கை படக்கூடாது, ஆக்கருக்குப் போடவும் கூடாது. நின்றால் என்னைத்தான் கூப்பிடணும், ஒன்றரைக்கு முன்னால். அவள் எடுத்தால் கேட்டுச் சொல்லுவேன். எடுக்காவிட்டால் மறுநாள் ஒன்றரை வரை வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். சம்மதம் என்றார்.