மிரியம் அம்மாவின் கல்

பிப்ரவரி 3, 2004. செவ்வாய்

காலையில் பனி. சாலை முழுக்கப் பழனிக்கு நடப்பவர்கள். ஸ்கூட்டர் ஊர்ந்தது.

வேலை: சாயக்கழிவுச் செய்தி திருத்தம். மின்கட்டணம். மாலை அப்ரகாம் சாருடன் திருமுருகன்பூண்டி சிற்பப் பட்டறை.

அவர் மனைவி மிரியம் இறந்து வரும் ஞாயிறு ஓராண்டு. அதற்குள் கல்லறைக் கல் நட வேண்டும், யூதர் வழக்கம். ஊரில் இருக்கும் ஒரே யூதக் குடும்பம். கொச்சியிலிருந்து பனியன் வாங்க வந்து, இங்கேயே தங்கி முப்பது வருடம். இன்னும் டிசம்பரில் அவருக்குக் கிறிஸ்துமஸ் கேக் அனுப்புகிறார்கள். வாங்கிக்கொண்டு நன்றி சொல்வார்.

சிற்பி வேலுச்சாமி சாக்கை விலக்கினார். கறுப்புக் கல். ஹீப்ரு எழுத்து, கொடுத்த தாளில் இருந்தபடியே. அதற்கு மேலே, நடுவில், ஒரு பிள்ளையார் சுழி.

அ. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுப் பார்த்தார்.

"இது தாள்ல இல்லீங்களே."

"அதை எழுதியா குடுப்பாங்க? சுழி போடாம நான் எந்த எழுத்தும் வெட்டினதில்லீங்க. அம்மா கல்லாச்சேன்னு நிதானமாப் போட்டேன்."



பிப்ரவரி 4. புதன்

அ. சார் கம்பெனி மாடியில் மாதக் கூட்டம். எல்லா மதத்தாரும் உட்கார்ந்து பேச அவர் தொடங்கியது. எட்டு வருடமாக நடக்கிறது. பஜ்ஜி, டீ. மிரியம் அம்மாவுக்குக் கல்லறைத் தோட்டத்தில் ஒரு மூலை ஒதுக்கிக் கொடுத்த பாதிரியார் வந்திருந்தார். சுழி விஷயம் அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

"இருந்துட்டுப் போகட்டுமுங்க," என்றார் நூல் மில்காரர். "இதுக்குத்தானே இத்தனை வருஷமாக் கூடிப் பேசறோம்? ஏனுங்க நிருபரே, பேப்பர்ல போட்டா எப்படி இருக்கும்!"

எனக்கு மனதில் செய்தித் தலைப்பே ஓடிவிட்டது. வெட்கம்.

அ. சார்: "என் கல்லா இருந்தா விட்டிருப்பேனுங்க. அவ கல்லு. எங்க ஓய்வுநாளுக்கு ஏத்தற வெள்ளிக்கிழமை விளக்கை ஒரு வாரம் விட்டதில்லை. வேற சாமி அடையாளம் எங்களுக்கு அங்க ஆகாது. அவளைக் கேக்காம அவ தலைமேல வெக்க எனக்கு மனசு வரலீங்க."

பள்ளிவாசல் ஹஜ்ரத்: "சரிதானே. கேக்காம எப்படி?"

பஜ்ஜி மீந்துவிட்டது.

பிப்ரவரி 5. வியாழன்

தைப்பூசம். பட்டறை பூட்டு. முதுகுவலி.

பிப்ரவரி 6. வெள்ளி

மறுபடி பூண்டி. வேலுச்சாமி முகம் கொடுக்கவில்லை.

"கொத்தி எடுக்கச் சொல்லத்தானே வந்தீங்க? பிள்ளையாரை அழிக்க என் கை வராதுங்க. வேற ஆளைப் பாருங்க."

"வேற ஆள்கிட்டயும் அழிக்கச் சொல்ல மாட்டேனுங்க," என்றார் அ. சார்.

இருவரும் கல்லைப் பார்த்தபடி நின்றார்கள். இரண்டு நாளில் புதுக் கல் முடியாது. டீ வந்தது. ஆறியது.

அ. சார் குனிந்து, சுழிக்கும் முதல் வரிக்கும் நடுவே விரலை வைத்தார். "இங்க அறுக்கலாமுங்களா? சுழி முழுசா இருக்கட்டும். மேல்துண்டு உங்களுக்கு."

வேலுச்சாமி அடிக்கோலை எடுத்து இடைவெளியை அளந்தார். இரண்டு முறை.

"எனக்கு எதுக்குன்னு கேக்க மாட்டேனுங்க. பட்டறை வாசல்ல வெச்சுக்கறேன்."

பிப்ரவரி 7. சனி

அ. சாருக்கு ஓய்வுநாள், போன் எடுக்க மாட்டார். சாயக்கழிவுச் செய்தி வந்தது, பாதி வெட்டி. சுழி பற்றி எழுதுவதில்லை என்று முடிவு.

பிப்ரவரி 8. ஞாயிறு

வெயில். கல் நட்டாயிற்று. கொச்சியிலிருந்து உறவினர் மூவர். கூட்டத்துக்காரர்கள் எல்லோரும், மில்காரர் உட்பட. அ. சார் ஜெபத்தை மெல்லப் படித்தார். ஓரிடத்தில் நின்று, தொடர்ந்தார்.

பக்கத்துக் கற்களைவிட ஒரு சாண் குறைவு. வேலுச்சாமி கையைப் பிசைந்தார். "குட்டையாப் போச்சுங்களே."

"அவளும் எனக்குத் தோள் வரைக்குந்தானுங்க." எவ்வளவு என்று கையைத் தோளருகே வைத்துக் காட்டினார் அ. சார். ரொம்ப நேரம் அந்தக் கையை இறக்கவில்லை.