ஓரத்துப் புள்ளிகள்

மார்ச் 4, செவ்வாய்
அடிமை வியாபாரக் கப்பல் ஒன்றின் மருத்துவர் எழுதிய பயணக் குறிப்பேடு. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கங்களையும் படமெடுத்துக் கணினியில் ஏற்றிவிட்டேன். ‘கறை நீக்கு’ பொத்தானை அமுக்கியதும் பழுப்புப் பக்கமெல்லாம் பளிச். ஆவணக் காப்பக மேலாளர் வந்து பார்த்தார். “அடுத்த மாசம் உன்னை நிரந்தரமாக்கச் சொல்லி எழுதிட்டேம்மா.” கால் தரையில் பாவவில்லை.

மார்ச் 6
விவரக் குறிப்பு எழுதுவதற்காக முதல் பக்கத்தை இன்றுதான் வாசித்தேன். “விற்பனைக்குக் கொண்டுசெல்லப்படுகிறவர்களில் ஒருவர் இறந்தால், அன்றைய பக்கத்தின் ஓரத்தில் ஒரு புள்ளி வைக்கிறேன்.”

என் படங்களில் ஒரு புள்ளிகூட இல்லை.

மூலத்தைப் புரட்டினேன். இருக்கின்றன. ஒரு பக்கத்தில் “மழை. நல்ல காற்று” என்று மட்டும் எழுத்து, ஓரத்தில் ஒன்பது புள்ளிகள். கணினி அழுக்கென்று துடைத்துவிட்டது. கணினியா? பொத்தானை அமுக்கியது யார் விரல்? இடத்தை அடைக்கிறதென்று துடைக்காத படங்களையும் அழித்துத் தொலைத்தேனே!

குறிப்பேடு பன்னிரண்டாம் தேதி உரிமையாளர் வீட்டுக்குத் திரும்புகிறது. பிறகு யாருக்கும் காட்டமாட்டார்களாம்.

மார்ச் 7
அக்காவிடம் சொன்னேன். “யாருக்குடி தெரியப்போகுது? மாமாவுக்கு வேலை போய் ஆறு மாசமாச்சு. வாயை மூடிக்கிட்டு இரு.”
அவள் சொல்வது நியாயம்தான். அதுதான் எரிகிறது.

மார்ச் 8
ஒன்பது புள்ளிகள் இருந்த பக்கத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன்.

மார்ச் 10
சொல்லிவிட்டேன். மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.
“சரிபார்க்காம அழிச்சது பெரிய தப்பும்மா. இனி உனக்காக மேலே பேச முடியாது.”
“நான் போயிடறேன் சார். ஆனா திரும்ப எடுக்கறதை நானே எடுக்கறேன்.”
“ரெண்டு நாள்தான் இருக்கு.”
“போதும் சார்.”

மார்ச் 12
காலை பதினொரு மணிக்குக் கடைசிப் பக்கம். கறை, விரல் தடம், பூச்சி அரித்த ஓட்டை, எல்லாவற்றையும் இருந்தபடியே விட்டேன்.

கப்பல் தலைவன் கரையில் கொடுத்த அறிக்கை, குறிப்பேட்டோடு வந்த காகிதக் கட்டுக்குள் இருக்கிறது. இறந்தவர்கள் நாற்பத்தொரு பேர் என்கிறான். ஓரத்தில் நூற்றுப் பதினேழு. மூன்று தடவை எண்ணினேன். அழுதுகொண்டே எண்ணினால் தப்பிப்போகிறது. விவரக் குறிப்பில் இரண்டு எண்ணிக்கையையும் எழுதினேன். முந்தைய படங்கள் பிழையானவை, பிழை என்னுடையது என்றும் எழுதினேன்.

வீட்டுக்கு வந்து, வேலை போய்விட்டது என்றேன். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக நின்றேன். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.
“மொத்தம் எத்தனை பேருடி?” என்றாள்.