நான் நம்பமாட்டேன் என்று நீ சொன்ன மிருகம்

மச்சான்,

ஒஸ்லோவுக்குப் பக்கத்தில், லோறென்ஸ்கூக்கில் என் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குளம் இன்று உறைந்துவிட்டது. கரையில் கொஞ்சம் நின்றேன். பிறகு ஒருமுறை சுற்றினேன், இன்னொரு முறையும் சுற்றினேன். நாயில்லாமல் குளத்தைச் சுற்றுகிறவனை இந்த நாட்டில் சந்தேகமாகத்தான் பார்க்கிறார்கள். எதையாவது தொலைத்துவிட்டீர்களா என்று ஒரு பெண்மணி கேட்டார். இல்லை என்றேன்.

இதே கரையில்தான் நீ கறுஸ் மீனைப் பற்றிச் சொன்னாய். மாரிக் குளிரில் பனிக்கட்டி மூடிவிட்டால் குளத்தில் ஒக்சிசன் தீர்ந்துபோகும். கறுஸ் மட்டும் தன் உடம்புக்குள்ளேயே மதுசாரம் காய்ச்சிக்கொண்டு மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

"பொய்," என்றேன்.

"உண்மையடா. இஞ்சை உள்ள சனம் மாதிரித்தான். மாரிக்கு வேறை வழியில்லை."

வீட்டுக்குப் போய்த் தேடிப் பார்த்தேன். உண்மைதான். அதுதான் எங்கள் வழக்கம்: நீ சொல்வாய், நான் நம்பமாட்டேன், ஒரு கிழமை கழித்து ஒத்துக்கொள்வேன். ரெயின்டியர் மானின் கண் கோடையில் பொன்னிறம், மாரியில் நீலம் என்றபோது தெரியாத்தனமாக உடனே நம்பிவிட்டேன். வீடு வரும்வரை நீ என்னோடு கதைக்கவில்லை.

துரொண்ட்ஹெய்மில் ஒரு கலியாணத்துக்குப் போகும் வழியில், மலைவெளியில் திடீரென்று காரை நிறுத்தினாய். பட்டுவேட்டியோடு காற்றில் நின்று, தூரத்தில் நிலம் தொடும் மயிரோடு மேய்ந்த மொஸ்குஸ் என்ற மிருகத்தைக் காட்டினாய்.

"மாடு எண்டுதானே நினைக்கிறாய்? ஆட்டுச் சாதியடா."

பல குடும்பங்கள் சேர்ந்து ஓர் ஆட்டை வாங்கி இறைச்சியைப் பங்கு போடுகிறவர்கள் நாங்கள். "பொய். இதைப் பங்கு போட ஒஸ்லோச் சனம் காணாது," என்றேன்.

"ரெண்டு பேரும் அதோடையே நில்லுங்கோ. நான் தாலி கட்டுறதைப் பாக்கப் போறன்," என்று உன் மனைவி கார்த் திறப்பைக் கேட்டார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பந்தி தொடங்கியிருந்தது. நீ மாப்பிள்ளையின் தகப்பனைப் பிடித்து மொஸ்குஸை விளக்கினாய்.

உன் முப்பத்தோராம் நாள் நினைவுப் புத்தகமான கல்வெட்டுக்கு இதையெல்லாம் எழுதிக் கொடுத்தேன். உன் அண்ணர் அதை வெட்டிவிட்டு, உன்னைச் 'சமூகத் தொண்டர்' ஆக்கிவிட்டார். எந்தக் கூட்டத்திலும் தேத்தண்ணிக்குப் பிறகு நீ இருந்ததில்லை.

ஆனால் என்னை ஓரிடத்தில் இருக்கவிடாதது அதல்ல. ஆஸ்பத்திரியிலிருந்து கடைசியாகப் போன் எடுத்தாய்.

"மச்சான், ஒரு மிருகம் இருக்கு. இதை நீ நம்பவே மாட்டாய்."

"சொல்லு பாப்பம்."

"பொறு, நேர்ஸ் வாறா. பிறகு எடுக்கிறன்."

பிறகு எடுக்கவில்லை.

அன்றிலிருந்து தேடுகிறேன். பஸ்ஸிலும், ஸ்ட்ரோம்மன் கடையில் காசு கட்டும் வரிசையிலும் மிருகங்களைத்தான் வாசிக்கிறேன். தன்னைவிட எவ்வளவோ பெரிய எதிரியைப் பார்த்தும் ஓடாமல் நின்று கத்துகிற லெமிங் எலியா? மாரியில் மண்டை ஓடே சுருங்கி, வசந்தத்தில் மறுபடி வளர்கிற மூஞ்சூறா? உன் மனைவியிடமும் கேட்டேன்.

"எனக்கெங்கை தெரியும்? நம்பாத ஆளுக்குத்தானே அவர் சொல்லுறவர்."

சிக்கல் என்னவென்றால், நீ போனபிறகு எதை வாசித்தாலும் உடனே நம்பிவிடுகிறேன். நான் நம்பாத மிருகத்தை இனி எப்படிக் கண்டுபிடிப்பது? அதனால் ஒவ்வொன்றையும் வாசித்து முடித்ததும், ஆளில்லாத இடமாகப் பார்த்து, "பொய்" என்று சத்தமாகச் சொல்கிறேன். இன்று குளக்கரையிலும், அந்தப் பெண்மணி போனபிறகு சொன்னேன்.

சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுத்திருக்கிறேன்.