கொறுக்கை காயட்டும்

மச்சான்,

இன்று காலை எதிர்வீட்டில் வெந்நீர் அடுப்புக்குக் கொறுக்கைத் தட்டையை வைத்து எரித்தார்கள். நாணலுக்கு அண்ணன் முறையான அந்தத் தட்டை கருகினால் தெருவே மணக்கிறது. உன் தங்கை சமையலைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து நின்றாள். நான் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டேன். அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தது பிறகுதான் தெரிந்தது.

ஜப்பான்காரன் கரையிறங்கப் போகிறான் என்று கடலூரே மூட்டை கட்டியபோது நீயும் சிதம்பரத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாய். மற்றவர்கள் அண்டா குண்டாவோடு வந்தார்கள். நீ ஒரு கொடுவாளோடு வந்தாய்.

"இன்னா மச்சான் இது?"

"கொள்ளிடத்துல கொறுக்க நல்லா வெளஞ்சிருக்காம். அம்பு செய்யலாம் வா."

பீரங்கியோடு வருகிறவனை அம்பால் அடிக்கும் யோசனை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. ஆபீசிலும் எனக்கு அந்த மாதிரி யோசனைகள்தான் வரும்.

ரங்கூன் விழுந்ததிலிருந்து, அங்கே வேலைக்குப் போயிருந்த உன் பையனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. தாயில்லாத ஒரே பிள்ளை. கை சும்மா இருந்தால் அவனைப் பற்றிப் பேச வேண்டிவரும் என்றுதான் நீ தட்டை வெட்டப் போனாய். அது எனக்குப் புரிய நாளாயிற்று.

முழங்கால் சேற்றில் நின்று, பூ காய்ந்த தட்டையாக, சுண்டுவிரல் பருமனில் தேடி வெட்டுவாய். நிழலில் கட்டித் தொங்கவிட்டுக் காய்ந்தபின், கரி நெருப்பில் வாட்டி, வளைவுக்கு எதிர்ப்பக்கம் கொஞ்சம் கூடுதலாகவே அழுத்துவாய். விட்டால் திரும்பி வந்து நேராக நிற்கும். கண்ணாடிச் சில்லால் கணுவைச் சுரண்டுவாய். நாண் உட்காரும் வெட்டைக் கணுவை ஒட்டிப் போடச் சொன்னாய். நான் நடுவில் போட்டேன். முதல் அம்பு வில்லிலேயே இரண்டாகப் பிளந்தது. அடுத்தது நன்றாகவே பறந்து, வக்கீல் வீட்டு மாடியில் காய்ந்த வடகத்தில் குத்தி நின்றது.

"ஜப்பான்காரன் வடகம் காயப் போட்டான்னா நீதான் தளபதி, மச்சான்," என்றாய். அந்த வருஷம் நீ சிரித்தது அன்றைக்குத்தான்.

சண்டை முடிந்தது. நீ தட்டை வெட்டுவதை மட்டும் விடவில்லை. பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்கள் ஒவ்வொருவரையும் தேடிப்போய்க் கேட்டாய். ஒருவருக்கும் தெரியவில்லை. பண்ருட்டியிலிருந்து உன் பங்காளிகள் பலாப்பழத்தோடு வந்தார்கள்.

"புள்ளைக்கு எள்ளுந் தண்ணியும் விட்டுடுப்பா. ஆத்மா அலையக்கூடாது பாரு."

அன்று வெட்டி வந்த ஒரு கோணல் தட்டை உன் மடியில் கிடந்தது. "பச்சையா இருக்கசொல்ல கோணலாத்தான் இருக்கும். அதுக்காவ அடுப்புல வெச்சிடுவாங்களா? காயட்டும்," என்றாய். அவர்கள் கோபித்துக்கொண்டு எழுந்தார்கள். பலாப்பழத்தைச் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தார்கள்.

போன ஐப்பசி மழையில் உனக்குக் காய்ச்சல் கண்டது. தட்டைகள் பரணில் காய்ந்துகொண்டிருந்தன. நீ அவற்றுக்கு முந்திக்கொண்டாய்.

சுடுகாட்டில் வெட்டியான், "புள்ள யாரு சாமி, முன்னால வாங்க," என்றான். பிள்ளை செத்துவிட்டான் என்றால் கொள்ளி பங்காளிக்குப் போகும். பெரிய பங்காளி மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நகர்ந்தார். அந்தக் கொள்ளியை அவர் வாங்கினால் உன்னோடு சேர்த்து உன் பையனையும் எரித்ததாகிவிடும் என்று எனக்குத் தோன்றியது.

"புள்ள ரங்கூன்ல இருக்கான். வந்து சேர நாளாவும். அவனுக்கு பதிலா மாமன் நான் போடறேன்," என்றேன்.

"இருக்கான்னு யாரு சொன்னது?"

"நான் சொல்றேன்."

என் வாய்ச்சொல்லின் மதிப்பு உனக்குத் தெரியும். மழை பெய்கிறது என்று நான் சொன்னால் இந்தத் தெருவில் கையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடை எடுப்பார்கள். அன்று மட்டும் வெட்டியான் கொள்ளியை என் கையில் கொடுத்தான்.

ஈரத்துணியோடு வீடு திரும்பினேன். எனக்கு முன்பே சேதி வந்திருந்தது. உன் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு, "நெஜமா இருக்கானா?" என்றாள்.

"இருக்கான்."

கல்யாணமான நாளாக நான் சொன்ன எதையும் நம்பாதவள், இதை நம்பிவிட்டாள், மச்சான்.

இப்போதெல்லாம் கதவு தட்டும் சத்தம் கேட்டால் நான்தான் முந்திக்கொண்டு எழுகிறேன். பால்காரன்தான், தபால்காரன்தான். உள்ளே திரும்புவதற்குள் முகத்தைச் சரிசெய்துகொள்ள ஒரு நிமிஷம் வேண்டியிருக்கிறது. அவள் கூடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவன் இல்லை என்று நான் சொல்வதில்லை.

"இன்னிக்கு இல்ல," என்கிறேன்.