சம்பந்தி வீட்டு வாசலில் ஸ்டார் இல்லை

அன்பு மகன் மாரீஸ்வரனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் பெண்டாட்டியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மஸ்கட்டில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு வெயிலில் அலையாமல் இருக்க வேண்டும் என்று நம் மாரியாத்தாளைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். உடம்பு நன்றாக இருக்கிறது, என் பொறுமைதான் நன்றாக இல்லை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கையில் போனை வைத்துக்கொண்டு கடிதம் எதற்கு என்று நீ சிரிப்பாய். வரிசை வீடாகக் கட்டின நம் எஸ்டேட் லயத்தில் எந்தச் சுவர் கூரை வரைக்கும் போகிறது சொல், இந்த அறையில் தும்மினால் அடுத்த வீட்டில் நூறு ஆயுசு என்கிறார்கள். போனில் நான் என்ன பேசினாலும் அன்னமேரி காதில் விழும். அது போக, உனக்குப் பிடிக்காத பேச்சை எடுத்தால் உடனே உனக்குச் சிக்னல் போய்விடுகிறது, அது என்ன மாயமோ. காகிதத்தை அப்படிக் கட் பண்ண முடியாது. கீழ் லயத்துச் சின்னமுத்து லீவு முடிந்து நாளை கிளம்புகிறான், அவன் கையில் நாரத்தங்காய் ஊறுகாயோடு இதையும் கொடுத்துவிடுகிறேன். ஊறுகாயை அப்புறம் திறக்கலாம், இதை முதலில் படி.

அன்னமேரிக்கு நம் வீட்டில் இது முதல் கிறிஸ்துமஸ், ஒரு குறையும் தெரியக் கூடாது அம்மா என்று சொல்லிவிட்டு நீ போனை வைத்துவிட்டாய். சொல்கிறவனுக்கு என்ன, செய்கிறவள் நான் அல்லவா. நமக்குப் பொங்கல் தெரியும், மாரியம்மன் கொடை தெரியும், கிறிஸ்துமஸ் என்றால் நாலு வீட்டிலிருந்து கேக் வரும், தின்போம், அவ்வளவுதானே இத்தனை வருஷமாக. சரி, தெரியாததைக் கேட்டுச் செய்வோம் என்று அவளையே உட்கார வைத்து உங்கள் வீட்டில் என்னென்ன செய்வீர்கள் தாயி என்று கேட்டேன். அதெல்லாம் எதுக்கு அத்தை, ஒண்ணும் வேண்டாம், கோயிலுக்குப் போயிட்டு வந்தாப் போதும் என்கிறாள். இந்தப் பிள்ளையிடம் எனக்கு வருகிற எரிச்சலே இதுதான். வேண்டும் என்கிற வார்த்தை அவள் வாயில் வராது. குழம்பில் நான் உப்புப் போட மறந்த அன்றுகூட நல்லா இருக்கு அத்தை என்று தட்டை வழித்தாள். அந்த வாய்தான் வேண்டாம் என்கிறது, கண் என்னமோ வண்டிப்பெரியாரில் கடைக்குக் கடை தொங்குகிற ஸ்டாரையே பார்த்துக்கொண்டு நடக்கிறது. அவள் வேலை பார்க்கிற ஜவுளிக் கடையிலிருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே நடந்து வந்து பார்த்தவள் நான்.

நீ ஆன்லைனில் அனுப்பினாயே ஒரு ஸ்டார், அதன் கதையைக் கேள். கொரியர்காரன் லயத்துக்கு ஏறமாட்டேன் என்று முக்குக் கடையில் போட்டுவிட்டுப் போனான். அப்பா போய்த் தூக்கிக்கொண்டு வந்து கட்டி சுவிட்சைப் போட்டார், அது பாட ஆரம்பித்தது. ஸ்டாரை வாங்குகிறவன் பாடாத ஸ்டாராகப் பார்த்து வாங்கக் கூடாதா? லைட்டை அணைத்தாலும் உள்ளே இருக்கிற பேட்டரியில் பாட்டு ஓடுகிறது. பக்கத்து வீட்டு அழகுத்தாய், அவள் மகன் பேக்டரியில் நைட் ஷிப்ட் முடித்து வந்து பகலில் தூங்குகிறவன், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றுவிட்டாள். அப்பா கத்தியை எடுத்து ஏதோ ஒயரைக் குத்தினார். பாட்டு நின்றது, கூடவே ரெண்டு முனையில் லைட்டும் நின்றது. இப்போது நம் வாசலில் மூன்று முனையோடு ஒரு ஸ்டார் எரிகிறது. அன்னமேரி பார்த்துவிட்டு நல்லா இருக்கு மாமா என்றாள்.

அந்த ஒரு வார்த்தையில் உன் அப்பாவுக்குக் கொம்பு முளைத்துவிட்டது. ரிட்டயர் ஆன மனிதர், செய்ய வேலையில்லை, யேசு பிறந்த கொட்டகை மாதிரி குடில் கட்டுகிறேன் என்று இறங்கிவிட்டார். பாறையில் பச்சைப் பாசியைச் சுரண்டி எடுத்து வந்து முன்னறை முழுக்கப் பரப்பிவிட்டார், எனக்குக் கால் வைக்க இடமில்லை. மாட்டுக் கொட்டகை மட்டும் கட்டினால் போதும் என்று அழகுத்தாய்கூடச் சொன்னாள், கேட்டால்தானே. தேயிலைக் கொழுந்தை வரிசையாக நட்டுத் தோட்டமே போட்டிருக்கிறார், தீப்பெட்டியில் ஒரு லயம், தகரத்தில் பேக்டரி, அதற்குப் புகைபோக்கி. மூன்று ராஜாக்கள் ஒட்டகத்தில் வரவேண்டுமாம், ஒட்டகம் எப்படி மலை ஏறும் என்று அவராகவே கேட்டு அவராகவே ஒரு பொம்மை ஜீப்பில் மூன்று பேரையும் ஏற்றிவிட்டிருக்கிறார். ஊர் என்றால் காவல் வேண்டாமா என்று முகப்பில் நம் கருப்பசாமி குதிரையும் நிற்கிறது. அன்னமேரி வேலை விட்டு வந்து அந்த ஜீப்பைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள் பார், கல்யாணத்துக்குப் பிறகு அவள் பல் தெரியச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். மறுநாள் அவளே தேங்காய்ச் சிரட்டையில் மண் போட்டுக் கேழ்வரகு விதைத்தாள், கிறிஸ்துமஸுக்குள் முளைத்து வயல் மாதிரி நிற்குமாம், அவள் அம்மா இருந்த காலத்திலிருந்து அவர்கள் வீட்டுப் பழக்கமாம். எனக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது, அதுதான் இப்போது என் கஷ்டமே.

அந்தச் சந்தோஷத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். குடிலுக்கு வாங்கின பொம்மைப் பெட்டியில் குழந்தை யேசு தனியாகக் காகிதத்தில் சுற்றிக் கிடந்தது. மாதாவும் சூசையப்பரும் வெறும் தொட்டிலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்களே, பெற்றவள் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருக்கிறதே என்று எடுத்து வைக்கோலில் படுக்க வைத்தேன். போகிறவர் வருகிறவர் எல்லாம் எட்டிப் பார்க்கிறார்கள், பச்சைக் குழந்தை, கண் படாதா, கன்னத்தில் மையால் ஒரு திருஷ்டிப் பொட்டும் வைத்தேன். சாயங்காலம் அன்னமேரி வந்தாள், பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். காலையில் எழுந்து பார்த்தால் தொட்டில் காலி. எனக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது. விபூதி பூசுகிற கை தொட்டது அவளுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துவிட்டேன். இரண்டு மூன்று நாள் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை, அவளும் ஏன் என்று கேட்கவில்லை, அப்பா மட்டும் இரண்டு பேருக்கும் நடுவில் பேக்டரிக்கு லைட் போட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் ஒருநாள் அரிசி அளக்கப் போனேன், டின்னுக்குள் கை விட்டால் அவளுடைய நல்ல கைக்குட்டை, பிரித்தால் குழந்தை. நான் வைத்த பொட்டு அப்படியே இருக்கிறது. துடைக்க எவ்வளவு நேரம் ஆகும், அவள் துடைக்கவில்லை.

பிடித்து உட்கார வைத்துக் கேட்டேன், இந்தத் தடவை வேண்டாம் போதும் என்பதெல்லாம் நடக்காது என்று சொல்லிவிட்டுத்தான் கேட்டேன். கிறிஸ்துமஸ் ராத்திரி பூசை முடிந்து வரும்வரை குழந்தையை வைக்கக் கூடாதாம், பிறந்த பிறகுதானே வைப்பது, அதுவரை ஒளித்து வைப்பார்களாம். அதை முன்னாடியே சொல்லித் தொலைக்கக் கூடாதா என்றேன். நீங்க ஆசையா வச்சிருந்தீங்க அத்தை, எப்படிச் சொல்றது என்கிறாள். சரி, அன்றைக்கு யார் வைக்க வேண்டும், நீயா என்று கேட்டேன். எங்க வீட்டுல அப்பாதான் வைப்பாங்க அத்தை என்றாள், சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொதிக்காத உலையைக் கிளறிக்கொண்டே நின்றாள். கலர் பேப்பரும் கேக்கும் நான் எவ்வளவு வாங்கி அடுக்கினாலும் இந்த வீட்டில் அவளுக்கு எது குறை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இனி எழுதப் போவதைப் படித்ததும் நீ குதிப்பாய், குதித்து முடித்துவிட்டு மேலே படி. அந்த ஆள் வாசலில் போய் நீ நிற்கக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாயே, அங்கேதான், உன் மாமனார் சவரிமுத்து வீட்டுக்குத்தான் போனேன். கண்ணாடி மாற்ற வேண்டும் என்று அன்னமேரியிடம் பொய் சொல்லிவிட்டுக் குமுளி பஸ் ஏறினேன். போகும்போதே பேச்சையெல்லாம் தயார் பண்ணிக்கொண்டுதான் போனேன், பெற்ற ஒரே பெண் ரிஜிஸ்டர் ஆபீஸிலிருந்து மாலையோடு வந்து நின்றால் கதவைத் திறக்காத மனிதர் நீரும் ஒரு தகப்பனா என்று கேட்கத்தான் போனேன். தெரு முழுக்க ஒரு வீடு பாக்கியில்லாமல் ஸ்டார் தொங்குகிறது, சவரிமுத்து வீட்டு வாசலில் மட்டும் இல்லை. ஏலக்காய்க் கடை வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் துண்டை எடுத்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார், அவரே பால் இல்லாத கட்டன் சாயா போட்டுக் கொடுத்தார். குடில் எங்கே சம்பந்தி என்று கேட்டேன், யாருக்குக் கட்ட என்றார். நான் குடித்த டம்ளரை வாங்கிக் கழுவி வைத்தார். கடைசியில், பனி விழுந்தா அவளுக்கு மூச்சு இழுக்கும், கம்பளிச் சொட்டர் போடுறாளா என்று மட்டும் கேட்டார்.

மதத்தைச் சொல்லிச் சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். அதையும் அவர் மறைக்கவில்லை. கோவந்தான் தாயி, இல்லேங்கல, அன்னைக்குக் கதவத் தெறக்கல, நெசந்தான் என்றார். மறுநா கடைக்கு லீவு சொல்லிட்டு வீட்லயே உக்காந்திருந்தேன், ஒங்க மகன் வருவான், நல்லா ஏசுவேன், அவன் வாங்கிக்கிருவான், பெறகு ரெண்டு பேருக்கும் சோறு போடலாம்னு கறிகூட எடுத்து வச்சிருந்தேன், அவன் வரல என்றார். பெறகு ஏரோப்ளேன் ஏறிட்டான்னு அடுத்தவன் சொல்லித்தான் தெரிஞ்சுது, இப்ப நான் யாரப் போய் ஏச, ஏசாம எப்படிக் கோவம் தீரும், நீங்களே சொல்லுங்க என்று என்னைக் கேட்டார். தயார் பண்ணிக்கொண்டு போன பேச்சையெல்லாம் அங்கேயே விட்டுவிட்டேன். கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வாங்க சம்பந்தி என்று கூப்பிட்டேன். கூட்டிட்டுப் போனவன் கூப்பிடாம நான் எப்படித் தாயி வர என்றார். பஸ் இறங்கி மேலே ஏறி வரும்போது அவர் மேல் இருந்த எரிச்சலெல்லாம் அப்படியே உன் மேல் திரும்பிவிட்டது, மறைக்காமல் சொல்கிறேன்.

ஒரு தடவை கதவு சாத்தியிருந்ததற்கு இத்தனை மாதமாக உனக்கு ரோஷம். அவருக்கு அதற்கு மேல் ரோஷம். அன்னமேரியோ ஒன்றும் வேண்டாம் என்று மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறாள், உன் அப்பா ஜீப்பை நகர்த்தி நகர்த்தி வைத்துக்கொண்டிருக்கிறார். உங்கள் நாலு பேரையும் கட்டி மேய்க்க என்னால் ஆகாது ராசா. உன்னை மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. அவருக்குப் போன் பண்ணு. ஏசுவார், ஏசட்டும், நீ நடுவில் நியாயம் பேசாதே, அவர் தொண்டை வறண்டு நிறுத்துகிற வரைக்கும் போனைக் காதில் வைத்துக்கொண்டிரு. நிறுத்தியதும், வீட்டுக்கு வந்து குழந்தையை நீங்கதான் வைக்கணும் மாமா என்று ஒரு வார்த்தை சொல், வேறு எதுவும் சொல்லாதே. நீ பண்ணாவிட்டால் அன்றைக்கு உன் அப்பா வைப்பார், இப்போதே வேட்டி எடுத்து வைத்துவிட்டார். அவளும் நல்லா இருக்கு மாமா என்றுதான் சொல்வாள். அதைக் கேட்டுக்கொண்டு என்னால் நிற்க முடியாது.

மற்றபடி இங்கே மழை விட்டுப் பனி தொடங்கிவிட்டது. சின்னமுத்துவிடம் உனக்கு ஒரு போர்வையும் கொடுத்திருக்கிறேன், ஏசி ரூமில் படுக்கிறவனுக்கு எதற்கு என்று கேட்காதே, ஏசியில்தான் குளிரும். ராத்திரிச் சாப்பாட்டை விடாதே, ரூமில் யாரோடும் வம்புக்குப் போகாதே. மாரியாத்தாளும், அன்னமேரி கும்பிடுகிற மாதாவும் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும்.

கடைசியாக ஒன்று. அவர் நம்பர் என்னிடம் இல்லை என்று நீ சாக்குச் சொல்ல முடியாது. நான் திரும்பி வர பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு சவரிமுத்து வேகமாக வந்து ஜன்னல் வழியாக ஒரு ஏலக்காய்க் கவரை என் மடியில் வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் திரும்பிப் போய்விட்டார். உள்ளே ஏலக்காய் இல்லை, கவர் மேல் கொட்டை எழுத்தில் அவருடைய போன் நம்பர். நான் கேட்கவில்லை, அவரேதான் எழுதிக் கொடுத்தார். அதை இதோடு மடித்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
பெ. குருவம்மாள்