விளாவாத தண்ணீர்

அன்புள்ள அண்ணா,

சுகமா என்று கேட்க மாட்டேன். நாங்கள் சுகம், அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நீ வாந்திபேதியில் போன பிறகு, பட்டணத்துக் கலாசாலையின் சோதனைச்சாலையில் ஒரு வருஷம் தாமிரபரணித் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாகக் கொதித்த தண்ணீரில் அந்தக் கிருமி பிழைப்பதில்லை. இவ்வளவு சுலபமா? முன்பே தெரிந்திருந்தால்? விடு.

ஆற்றில் அழுக்குத்துணி அலசுகிறவர்களுக்கு அபராதம் போடச் சட்டம் வேண்டும் என்று முன்பொருமுறை நான் குதித்தபோது, சட்டம் படித்த நீ சிரித்தாயே! "ஏலே, சட்டம் ஆத்தங்கரை வரைக்கும் வரும். அடுக்களைக்குள்ள வருமாலே?"

இந்த ஆடியில் ஸ்ரீவைகுண்டத்தில் மறுபடி பேதி வந்தது. ஊருக்கு ஓடிவந்து, தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கும்படி தண்டோரா போடச் சொன்னேன். நம் தெருவில் எல்லா வீட்டிலும் பானை கொதித்தது. அப்படியும் பக்கத்து வீட்டுக்காரர் பேதியில் படுத்துவிட்டார். எனக்கு எரிச்சலான எரிச்சல். கிருமி சாகிறது, ஆள் ஏன் விழுகிறான்?

பதில் நம் அடுக்களையிலேயே இருந்தது. மதினி கொதித்த தண்ணீரைச் செம்பில் ஊற்றினார்கள். சூடு தணியட்டும் என்று குடத்து ஆற்றுத் தண்ணீரை அதில் விளாவினார்கள், குளிக்க விளாவுவது போலவே. உன் மகள் பொன்னியின் வாயருகே கொண்டுபோனார்கள். பாய்ந்து செம்பைத் தட்டிவிட்டேன்.

"ஏன் இப்படிச் சாடுதீய? கொதிக்கக் கொதிக்க ஊத்துனா பிள்ள வாயி வெந்துபோவாதா? கொதிக்க வைக்கச் சொன்னீய, வச்சாச்சு. விளாவப்படாதுன்னு சொன்னீயளா?"

சொல்லவில்லைதான்.

மறுநாள் காலையிலேயே தண்டோராக்காரரைப் பிடித்தேன். "கொதிக்க வைக்கணும், ஆற வைக்கணும், பச்சத்தண்ணி விளாவப்படாது" என்றேன். "அன்னைக்கு ஒண்ணு சொன்னீய, இன்னைக்கு ஒண்ணு சொல்லுதீய. நாளைக்குத் தண்ணியே குடிக்கப்படாதும்பீயளோ அய்யா?" என்று கேட்டுவிட்டுத்தான் மனிதர் பறையில் கை வைத்தார்.

பக்கத்து வீட்டுக்காரர் பிழைத்துக்கொண்டார். அதன்பின் நம் தெருவில் ஒருவரும் விழவில்லை.

கலாசாலைக்கு அறிக்கை எழுதும்போது 'விளாவுதல்' என்பதற்கு இங்கிலீஷில் சொல் அகப்படவில்லை. நான் சுற்றி வளைத்து எழுதியது கலாசாலையின் வெள்ளைக்காரத் துரைக்குப் புரியவில்லை. நேரில் போய் இரண்டு செம்பை வைத்துக் கலந்து காட்டினேன். தமிழ்ச் சொல்லையே எழுதிவிடச் சொன்னார். நீ இருந்திருந்தால் எப்படிச் சிரித்திருப்பாய்!

பொன்னி இப்போது யார் வீட்டில் தண்ணீர் கொடுத்தாலும், "விளாவுனதா?" என்று கேட்டுவிட்டுத்தான் செம்பைத் தொடுகிறாள். தெருவில் பேசிக்கொள்கிறார்கள், அடங்காப் பிள்ளையாம், சித்தப்பனைக் கொண்டு பிறந்திருக்கிறதாம். சொல்லிவிட்டுப் போகட்டும். அவளுக்குப் பயந்து நாலு வீட்டில் ஆறவைத்த தண்ணீருக்கென்றே தனிப்பானை வைத்திருக்கிறார்கள். அண்ணா, சட்டம் நுழையாத அடுக்களைக்குள் உன் மகள் நுழைந்துவிட்டாள்.

அவளைப் பட்டணத்துக்கு அனுப்பிப் படிக்க வைப்பேன். எவன் குறுக்கே வந்தாலும் சரி.

உன்னிடம் ஒரு வாதத்திலும் ஜெயிக்காத உன் தம்பி,
சுப்பையா